லிந்துலை ரிலேயில் கை வைத்தவன்

டினேஷ் என்ற மனிதனைப் பார்ப்பதற்கு முன்பே நான் வெறுக்கத் தொடங்கியிருந்தேன். பார்த்த பிறகு காரணமும் கிடைத்தது.

காலை ஒன்பதரை மணி. நானும் ஜீவராணி அக்காவும் லிந்துலை கடைத்தெருவில், யோகேஸ்வரனின் போன் திருத்தும் கடைக்குள் உட்கார்ந்திருந்தோம். அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரு தோட்ட ஆபீஸில் செக்ரோல் என்ற வேலை வரவுப் புத்தகம் எழுதியவர். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு வராமலே பெயர் விழுந்தது என்பதைப் புத்தகத்தைப் புரட்டியே சொல்லிவிடுவார். அந்த மூக்கை நம்பி ஹட்டனில் ஒரு மாடி அறை எடுத்து, ‘தனியார் விசாரணை’ என்று போர்டும் மாட்டிவிட்டார். நான் லோஜன். அவருடைய உதவியாளன், ஆட்டோ ஓட்டுநர், பிளேன்டீ வாங்கி வருபவன். ஐந்து வருடமாக அந்தப் பதவிக்கு எனக்குப் போட்டியே இல்லை. அன்று பத்தரை மணி வரைக்கும்.

யோகேஸ்வரன் ஒரு நீளமான கவரை எங்களுக்கு முன்னால் வைத்தார். ஒட்டி, மேலே பள்ளிக்கூட அதிபரின் விலாசம் எழுதியிருந்தது.

“ஒரு மணிக்கு இத ஸ்கூல்ல குடுக்கப் போறேன் அக்கா. அதுக்குள்ள ஆதாரம் கண்டுபிடிச்சீங்கன்னா இதோட சேர்த்துக் குடுப்பேன். இல்லாட்டியும் குடுப்பேன்.”

“உள்ள என்ன எழுதியிருக்கீங்க?”

“கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற டினேஷ் என் ரிலேயில கை வச்சிட்டான்னு. என் சம்சாரத்த சாட்டா வச்சு வீட்டுக்கு வந்து போறான்னு.”

அவருடைய மனைவி ஷாமிலா அதே தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணித டீச்சர். டினேஷுக்கு அடுத்த மாதம்தான் நியமனம் நிரந்தரமாக வேண்டும். இந்தக் கவர் உள்ளே போனால் அது நின்றுவிடும். ஷாமிலா டீச்சரின் பெயர் என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் லயத்து வீட்டு வரிசையில் ஒருவர் தும்மினால் ஆறாவது லயத்தில் மருந்து காய்ச்சுகிற ஊர் இது.

“மொதல்ல இந்த ரிலேன்னா என்னன்னு சொல்லுங்க. நான் செக்ரோல் எழுதுனவ. எனக்கு வெளங்குற மாதிரி” என்றார் அக்கா.

யோகேஸ்வரனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “என் தங்கச்சி ஜெயந்தினி வெளிநாட்டுல வீட்டு வேலையில இருக்கா. அங்க அவ இன்டர்நெட்ல எங்க போறா, என்ன பார்க்கிறான்னு எல்லாத்தையும் நோண்டுறாங்க. அப்படி நோண்ட முடியாத ஒரு வலையமைப்பு இருக்கு. அதுல போனா நம்ம செய்தி மூணு பேரோட கம்ப்யூட்டர் வழியா கைமாறிப் போகும். மொத ஆளுக்கு நாம யாருன்னு தெரியும், எங்க போறோம்னு தெரியாது. மூணாவது ஆளுக்கு எங்க போறோம்னு தெரியும், நாம யாருன்னு தெரியாது. நடு ஆளுக்கு ரெண்டுமே தெரியாது. இந்த கைமாத்துற கம்ப்யூட்டர்தான் ரிலே. உலகம் பூரா ஆளுங்க சும்மா தொண்டா ஓட்டுறாங்க. நானும் ஓட்டுறேன்.”

“நீங்க எத்தனாவது ஆளு?”

“நடு ஆளு. ரெண்டு மாசமா.”

கடையின் பின்னறையைத் திறந்து காட்டினார். இரும்புக் கதவு, இரண்டு பூட்டு. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் பெரிய பேட்டரி. அதன் மேல் ‘சிங்கமலை’ என்று எழுதி ஒட்டியிருந்தது. ரிலேக்குப் பெயர் வைப்பார்களாம். ஒரு கொப்பியில் தினமும் காலை ஏழு மணிக்கு அதன் வழியாக எவ்வளவு போகிறது என்று எழுதி வைத்திருந்தார். பத்தாம் தேதி வரைக்கும் ஏறுமுகம். பதினொன்றாம் தேதி மூன்றில் ஒரு பங்காக விழுந்திருந்தது. இன்று இருபத்து நான்கு. இன்னும் எழும்பவில்லை.

“மூணு கிழமைக்கு முந்தி ஷாமிலாவும் வீட்டுல ஒன்னு வச்சா. பேரு ரோசாப்பூ. வச்சிக் குடுத்தது அந்த டினேஷ். பத்தாம் தேதி பின்னேரம் அவன் வீட்டுக்கு வந்து அதைத் திருத்திட்டுப் போனான். பதினொன்னு காலையில என்னோடது விழுந்திருச்சு, அவளோடது ஏறிருச்சு. என்னோடத புடுங்கி அவளுக்குக் குடுத்திருக்கான். எனக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க அக்கா!”

தோட்டத்தில் சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அந்த நாளுக்குப் பாதிப் பெயர்தான் விழும். அதுதான் அரைப்பேர். லயத்தில் பிறந்தவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, டினேஷ் மேல் இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

“இந்த அறைக்குள்ள வேற யாராவது வந்தாங்களா?”

“சாவி என்கிட்ட மட்டும்தான். பாஸ்வேர்டும் எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“கதவுக்கு ரெண்டு பூட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டு. அண்ணன் வாய்க்கு ஒன்னு போட்டிருந்தா கவர் மிச்சம்” என்று அக்காவின் காதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐந்து வருடத்தில் என் பகிடிக்கு அவர் இரண்டு முறைதான் சிரித்திருக்கிறார். இரண்டும் எனக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கிறது.

“இத எப்பயாவது நிப்பாட்டுனீங்களா?” என்று கேட்டார் அக்கா.

“ரெண்டு மாசமா ஒரு நிமிஷம் நிக்கல. கரண்டு போனாலும் பேட்டரியில ஓடும்.”

அக்கா அதைத் தன் சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

அடுத்து யோகேஸ்வரனின் வீடு. கடையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அவருடைய அம்மா அம்மாக்கண்ணு எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கல்யாணப் படத்துக்குக் கீழே, ஸ்டூலின் மேல், ரோசாப்பூ ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருந்தது. இதற்காகவா ஒரு குடும்பம் உடையப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

“அந்தப் பெட்டியா? நல்லாத்தான் கிடக்கு. இடி இடிச்சா மட்டும் வயர புடுங்கிருவேன்” என்றார் அம்மாக்கண்ணு.

“அடிக்கடியா?”

“ஐப்பசி மாசமில்லையா? பின்னேரமானா இடிதானே. நேத்தும் புடுங்குனேன், முந்தாநாளும் புடுங்குனேன். டிவி, ஐஸ்பெட்டி, இது, எல்லாத்தையும். மருமக வந்து ஒன்னும் பேசாம திரும்ப சொருகிக்குவா.”

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மலையில் இடிச் சத்தம் கேட்டால் பிளக்கைப் பிடுங்காத வீடு எது?

“டினேஷ் சேர் வந்தப்ப நீங்க வீட்டுல இருந்தீங்களா?”

“இந்தா, இந்தக் கதிரையிலதான் இருந்தேன். அவரு அந்தப் பெட்டிய மட்டும் பார்த்தாரு. பிளேன்டீ குடிச்சாரு. என் கண்ணாடிக் கால் உடைஞ்சி கிடந்துச்சு, அதையும் ஒட்டிக் குடுத்தாரு. தங்கமான பிள்ள.”

கண்ணாடியும் ஒட்டுவானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் அக்கா ஆட்டோவில் ஏறாமல் நின்றார். “லோஜன், நிக்காம ஓடுறது கீழ போகுது. நின்னு நின்னு ஓடுறது மேல போகுது. இது என்ன ஞாயம்?”

“நாட்டு நடப்பு அக்கா.”

அதற்கும் சிரிக்கவில்லை.

பத்தரைக்குப் பள்ளிக்கூடம். இடைவேளை. மைதானத்தில் பிள்ளைகளுக்கு நடுவே டினேஷ் நின்றுகொண்டிருந்தான். உயரம். கசங்காத வெள்ளைச் சட்டை. கன்னத்தில் குழி. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் நிரபராதியாக இருக்க முடியாது.

அக்கா கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. “சிங்கமலை விழுந்திருச்சு, ரோசாப்பூ ஏறிருச்சு, ஏன் சேர்?” என்று மட்டும் கேட்டார்.

“ரோசாப்பூ ஏறுறது சாதாரணம் மேடம். புது ரிலேக்கு ஆரம்பத்துல யாரும் ஆளனுப்ப மாட்டாங்க. வெளிநாட்டுல சில கம்ப்யூட்டருங்க எல்லா ரிலேயையும் அடிக்கடி அளந்து பார்க்கும். இது இவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சதும் அதுக்கேத்த மாதிரி பங்கு குடுக்கும். வச்சி மூணு கிழமையில ஏறத்தான் செய்யும்.”

“ஒருத்தரோட பங்க எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்க முடியுமா?”

“யாராலயும் முடியாது. வேணும்னா நான் என் பங்கு சோத்த உங்களுக்குக் குடுக்கலாம். இத முடியாது.”

அக்கா சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். நான் ஐந்து வருடத்தில் வாங்கியதை அவன் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டான். அதோடு விட்டாரா? “பின்னேரத்துல நேரம் இருந்தா எங்க ஆபீசுக்கு வாங்களேன். இந்த மாதிரி விசயம் தெரிஞ்ச ஆள் எங்களுக்குத் தேவ” என்றும் சொன்னார். அவன் பதிலுக்கு என்ன சொன்னான் என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ஆட்டோவுக்குக் காற்றுப் பார்ப்பதுபோல் போய்விட்டேன். என் வயிறு எரிந்தது. டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

ஷாமிலா டீச்சரைப் பார்க்க அக்கா ஆபீஸ் பக்கம் போனார். அந்த நேரத்தில் டினேஷ் என்னிடம் ஓடி வந்தான். கையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு துண்டு.

“அண்ணன், சிங்கமலை ஏன் விழுந்துச்சுன்னு இப்பதான் யோசிச்சேன். மேடத்துக்கிட்ட இதக் குடுங்க. எனக்கு மணி அடிச்சிருச்சு.”

துண்டில் இப்படி எழுதியிருந்தது: ‘சிங்கமலையின் பொதுப் பக்கத்தைப் பார்க்கவும். பெயருக்குக் கீழே உள்ள அடையாளங்களில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.’

அழகான எழுத்து. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இவன் கண்டுபிடித்தான் என்று அக்காவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டுமா? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. போனை எடுத்து யோகேஸ்வரனுக்கு அடித்தேன்.

“அண்ணன், ஆளப் பார்த்தோம். கேள்வி கேட்டா முழிக்கிறான். கை நடுங்குது. எனக்கென்னமோ சந்தேகமாத்தான் இருக்கு.”

“நீங்க துப்பறியிற ஆளு. உங்களுக்கே சந்தேகம்னா எனக்கு அது போதும்” என்று சொல்லி யோகேஸ்வரன் வைத்துவிட்டார்.

அக்கா திரும்பி வந்தார். “டீச்சர் ஆபீசுக்குள்ளதான் இருக்காங்க. இன்னைக்குத் தலைக்கு மேல வேலயாம், யாரையும் பார்க்க முடியாதாம். உன் மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு?”

“வெயில் அக்கா” என்றேன். வானம் மூடிக் கிடந்தது.

அங்கிருந்து திரும்பிப் போய், ரோசாப்பூ இருக்கும் வீட்டின் இன்டர்நெட் லைன் பெட்டியைப் பார்த்தோம். அடுத்து, யோகேஸ்வரனுக்கு இன்டர்நெட் லைன் போட்ட ஆளைத் தேடிப் பிடித்தோம். லைனில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். பன்னிரண்டு மணிக்குக் கடைக்குத் திரும்பும் வழியில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் டிராக்டர் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. மத்தியான நிறுவை. பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை நிறுத்து நிறுத்து எண்ணைக் கத்திக்கொண்டிருந்தார்.

வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெண் குடையோடு நின்றிருந்தார். முதுகில் கூடை இல்லை, கையில் சாக்கு இல்லை.

“இந்தா, நம்ம இராசம்மாக்கு இன்னைக்கும் சைபர்!” என்று வரிசையில் ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதி பகிடி, பாதி வயிற்றெரிச்சல். எனக்கு அந்த வகைச் சிரிப்பு நன்றாகத் தெரியும்.

“யாரு அவங்க?” என்று அக்கா டிராக்டர்காரரிடம் கேட்டார்.

“இராசம்மா. பன்னெண்டு வருசமா இந்த மலையில அவங்கதான் ஆகக்கூடக் கொழுந்து. ஒரு நாள் லீவு கிடையாது. போன கிழமை கங்காணியாப் போட்டுட்டாங்க. இப்ப கொழுந்து எடுக்கிறதில்ல, எடுக்கிறவங்களப் பார்த்துக்கிறாங்க.”

அக்கா குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு கோடு போட்ட வரியைப் பார்த்தார். பிறகு நீண்ட நேரம் இராசம்மாவைப் பார்த்தார்.

“லோஜன், சிங்கமலைய யாரும் திருடல்ல. ரெண்டு மாசம் ஒரு நிமிஷம் நிக்காம ஓடியிருக்கு. அதுக்குப் பதவி உயர்ந்திருக்கு. நடு ஆளா இருந்தது மொத ஆளாயிருச்சு. இத எங்க பார்த்தா உறுதியாத் தெரியும்?”

என் சட்டைப் பை சுட்டது. பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து நீட்டினேன்.

“யாரு குடுத்தது?”

“டினேஷ்.”

“எத்தன மணிக்கு?”

“பத்தே முக்காலுக்கு.”

அவர் என் போனை வாங்கி அந்தப் பொதுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு ரிலேக்கும் இன்டர்நெட்டில் அப்படி ஒரு பக்கம் உண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிங்கமலையின் பெயருக்குக் கீழே சின்னச் சின்ன அடையாளங்கள். பத்தாம் தேதி ராத்திரி அவற்றோடு புதிதாக ஒரு கேடயம் சேர்ந்திருந்தது. காவலன் என்று அர்த்தம். அதை அழுத்தியதும் விளக்கம் வந்தது. நீண்ட நாள் தடங்கலில்லாமல் ஓடிய ரிலேயைத்தான் வலையமைப்பு நம்பி முதல் வாசலில் நிறுத்துமாம். நிறுத்தியதும் அதை நடு ஆளாகப் பயன்படுத்துவது குறைந்துவிடும். ஆனால் வலையமைப்பைப் பயன்படுத்துபவர்கள் ஒரே வாசலை மாதக்கணக்கில் மாற்ற மாட்டார்கள். அதனால் புதுக் காவலனுக்கு ஆட்கள் மெதுவாகத்தான் வருவார்கள். முதலில் சடாரென்று விழும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பயப்பட ஒன்றுமில்லை என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

ரோசாப்பூவின் பக்கத்தையும் பார்த்தோம். இடி இடித்த நாளெல்லாம் அதன் படத்தில் ஓட்டை விழுந்திருந்தது. கேடயம் இல்லை. அதை இன்னும் நடு ஆளாகத்தான் வைத்திருந்தார்கள், அதனால்தான் வேலை கூடியிருந்தது.

“ஒரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நேரா கடைக்கு விடு” என்றார் அக்கா.

“அக்கா, இன்னொன்னு இருக்கு.” யோகேஸ்வரனோடு போன் பேசியதைச் சொன்னேன்.

அக்கா திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் யோகேஸ்வரனுக்கு நான்கு முறை அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. “ஸ்கூலுக்குத் திருப்பு” என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் போனபோது பன்னிரண்டு இருபத்தைந்து. யோகேஸ்வரன் பள்ளிக்கூடக் கேட்டில், கையில் ஒன்றுமில்லாமல் நின்றிருந்தார். நீண்ட நாள் பல்வலி தீர்ந்தவரைப்போல இருந்தது அவர் முகம்.

“குடுத்தாச்சு அக்கா. உங்க தம்பி சொன்னத கவருக்குப் பின்னால எழுதியும் விட்டேன். ‘விசாரணை அலுவலகமும் சந்தேகத்தை உறுதிப்படுத்தியுள்ளது’ன்னு.”

அக்கா நிதானமாகக் கேட்டார். “யோகேஸ்வரன், கீழ மடுவத்துல இராசம்மான்னு ஒருத்தங்க நிக்கிறாங்க. பன்னெண்டு வருசமா ஆகக்கூடக் கொழுந்து எடுத்தவங்க. போன கிழமையில இருந்து அவங்க பேருக்கு நேர சைபர். அவங்க கொழுந்த யாரு திருடுனா?”

“திருட்டா? அவங்கள கங்காணியாப் போட்டுட்டாங்களே. கங்காணி எதுக்குக் கொழுந்து…”

வாக்கியம் முடியவில்லை. அக்கா போனை நீட்டினார். யோகேஸ்வரன் கேடயத்தைப் பார்த்தார். விளக்கத்தை உதடு அசைய இரண்டு முறை வாசித்தார். பிறகு மதில் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் நம்பர மட்டும்தானே பார்த்தேன்… நிறுவைய மட்டும்தானே பார்த்தேன்…”

சட்டென்று எழுந்தார். “கடிதம்! செல்லசாமி அண்ணன், அந்தக் கவரத் தாங்க!”

காவலாளி செல்லசாமி கை விரித்தார். “ஆபீசுல குடுத்திட்டேனே தம்பி.”

“அதிபர் பிரிச்சிட்டாரா?”

“அதிபர் இல்ல. காலையில திடீர்னு கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டாரு. இன்னைக்குப் பதில் அதிபர் உங்க சம்சாரம்தான். அவங்க கையிலதான் குடுத்தேன்.”

ஆபீஸ் கதவு திறந்தே இருந்தது. ஷாமிலா டீச்சர் அதிபரின் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பிரித்த கடிதம். பக்கத்தில் வரும் கடிதங்களைப் பதியும் தடித்த புத்தகம். அழுததாகத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“ஷாமிலா, அதக் கிழிச்சிரு. தெரியாம எழுதிட்டேன்.”

“முப்பத்தெட்டாம் நம்பர்” என்றார் டீச்சர். “பதிஞ்சி முத்திரையும் குத்தியாச்சு.”

“நீயே ஏன் பதிஞ்ச?”

“அதிபருக்குன்னு எழுதியிருந்தீங்க. அதிபர் கதிரையில இருக்கிறவ வாசிச்சிட்டா. என்னப் பத்தி வந்த கடிதத்த நானே மறைச்சா, இதுல எழுதியிருக்கிறது எல்லாம் உண்மைன்னு ஆயிரும். நாளைக்கு டினேஷ் சேருக்கு யாரு பதில் சொல்றது?”

யோகேஸ்வரன் மேசைக்கு முன்னால் மாணவனைப்போல நின்றார். அக்கா மெதுவாகச் சொன்னார். “பதிஞ்சத அழிக்க முடியாது. ஆனா இன்னொன்னு எழுதிப் பதியலாம்.”

டீச்சர் ஒரு தாளை நகர்த்தினார். யோகேஸ்வரன் நின்றுகொண்டே எழுதினார். தன் ரிலேயை யாரும் தொடவில்லை என்றும், அது பதவி உயர்ந்ததால் வேலை குறைந்தது என்றும், மனைவியுடையது ஏறியதைப் பொறுக்க முடியாமல் பழி எழுதினேன் என்றும் எழுதினார். கடைசி வரிக்கு மட்டும் அதிக நேரம் பிடித்தது.

டீச்சர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். “இதுல ஒன்னு குறையுது. பதினொன்னாம் தேதி காலையிலேயே அந்தக் கேடயத்த நான் பார்த்தேன்.”

“பார்த்தியா? ஏன் சொல்லல்ல?”

“ரோசாப்பூ ஏறுன ஒவ்வொரு நாளும் நீங்க என் மொகத்தப் பார்க்காம சோறு தின்னீங்க. அந்தக் கோபம். அது மட்டும் இல்ல.” முதல் தடவையாக அவர் குரல் தடுமாறியது. “உங்களுக்குக் கெடைச்சது எனக்குக் கெடைக்கல. உங்க அம்மா புடுங்கிப் புடுங்கி வச்சா எப்படிக் கெடைக்கும்? வயித்தெரிச்சல். நல்லா கிடந்து முழிக்கட்டும்னு விட்டேன்.”

அதையும் அவர் கணவரின் கடிதத்துக்குக் கீழே தன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, முப்பத்தொன்பது என்று பதிந்தார். யோகேஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு அதிபர் வருவாரு. இத நீங்களே அவருக்கு முன்னாடி வாசிங்க. அதுவரைக்கும் நான் எங்க அம்மா வீட்டுல இருக்கேன். வாசிச்சப்புறம் கூப்பிட வாங்க.”

“ஏழரைக்கே வந்து நிக்கிறேன்” என்றார் யோகேஸ்வரன்.

அப்போதுதான் டினேஷ் வரவுப் புத்தகத்தோடு உள்ளே வந்தான். டீச்சர் இரண்டு கடிதங்களையும் அவனிடம் கொடுத்தார். அவன் வாசித்தான். கன்னத்துக் குழி காணாமல் போனது. அந்த முகம் ஒரு நாள் இப்படி வாடவேண்டும் என்று காலையிலிருந்து ஆசைப்பட்டேன். வாடியபோது பார்க்கச் சகிக்கவில்லை. அவன் கவரைத் திருப்பிப் பின்பக்க வரியையும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“உறுதிப்படுத்தினது யாரு?” என்று டீச்சர் கேட்டார்.

அந்த ஒரு வரி நிற்கும்வரை இரண்டாவது கடிதம் மட்டும் டினேஷைக் காப்பாற்றாது. புருசன் மனம் மாறிவிட்டான், விசாரணைக்காரர்கள் சொன்னதோ அப்படியே இருக்கிறது என்றுதான் ஊர் பேசும். அது எனக்குத் தெரிந்தது. அக்கா எனக்காக வாய் திறக்கவில்லை.

“நான்தான்” என்றேன். ஒரு தாளை எடுத்தேன். என்னிடம் பேனா இல்லை. டினேஷ் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

எழுதினேன். டினேஷ் முழிக்கவில்லை, கை நடுங்கவில்லை, நான் சொன்னது பொய். உண்மையைச் சொல்லும் துண்டை அவர் என் கையில் தந்தார், நான் ஒளித்தேன். எங்கள் அலுவலகத்தில் என் இடத்துக்கு அவர் வந்துவிடுவாரோ என்ற பொறாமையில் செய்தேன். கீழே என் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும்.

அக்கா தாளை வாங்கி, செக்ரோல் பார்ப்பதுபோல் வரி வரியாகப் பார்த்தார்.

“உன் இடத்துக்கா?” என்றார். “அவரு வரமாட்டேன்னு காலையிலேயே சொல்லிட்டாருடா. நீ காத்துப் பார்க்கப் போனியே, அப்ப. உங்ககிட்டதான் ஏற்கனவே ஒருத்தர் இருக்காரே மேடம், உங்க கூடவே நிக்கிறாரு, அவர விட்டுட்டு நான் எதுக்குன்னு கேட்டாரு.”

என்னால் டினேஷை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேனாவைத் துடைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஷாமிலா டீச்சர் என் கடிதத்தை வாங்கி, நாற்பது என்று எண் போட்டு, முத்திரையைக் குத்தினார்.